யார் முதல்ல போறது?

"கடைசியா எப்போ சாப்பிட்டீங்க?"

நர்ஸ் கேட்டதும் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் சிடுசிடுத்தார். "காலையிலேருந்து மூணு பேர் கேட்டாச்சு. நேத்து ராத்திரி எட்டு மணி. பேர் மாறலை, வயசு மாறலை, குடலிறக்கமும் வலது பக்கமேதான் இருக்கு. பேனாவால குறி வேற போட்டாச்சு!"

"ஆள் மாறிடக்கூடாதில்ல சார்? எல்லாரும் கேப்போம்."

பிரஷர் பார்த்தவள் முகம் சுளித்தாள். "மறுபடி ஏறிடுச்சே! பயப்படறீங்களா?"

"பயமா? எனக்கா? நாப்பது வருஷம் பிள்ளைங்களை நடுங்க வச்சவன்மா நான்!"

சொல்லிக்கொண்டே போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார்.

நர்ஸ் அவர் மனைவியை ஓரமாக அழைத்தாள். "இறங்கலேன்னா ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுடுவாங்கம்மா."

"ஏற்கெனவே ரெண்டு தடவை தள்ளியாச்சே..." அந்த அம்மாவுக்குக் கண் கலங்கியது.

பக்கத்துக் கட்டில் லாரி டிரைவருக்குத்தான் முதல் ஆபரேஷன். ஸ்ட்ரெச்சர் வந்ததும் அந்த ஆறடி மனுஷன் கட்டில் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, நான் வரமாட்டேன்! முதல்ல யாராவது போயிட்டு உசுரோட வரட்டும்!"

வார்டே சிரித்தது. ஹெட்மாஸ்டர் எழுந்து உட்கார்ந்தார்.

"என்னய்யா இது, மலை மாதிரி ஆளு! ஊசி போடுவாங்க, தூங்கிடுவே, முழிச்சா முடிஞ்சிருக்கும். இதுக்கா இந்த அலறல்?"

"வாயால சொல்லிடலாம் சார். நீங்க போவீங்களா?"

"போறேன்யா! போய்க் காட்டறேன், பாரு!"

நர்ஸ் டாக்டரைக் கேட்டுவிட்டு வந்து மறுபடி பிரஷர் பார்த்தாள். இறங்கியிருந்தது! ஹெட்மாஸ்டர் படுத்த வாக்கிலேயே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார்.

"எங்க வீட்டுக்காரர் தைரியத்துல கால்வாசியாவது உங்களுக்கு வேணாமா? வெக்கமா இல்ல?" என்று டிரைவரிடம் பொரிந்து தள்ளினாள் அந்த அம்மா.

நர்ஸ் டிரைவருடைய கேஸ் ஷீட்டைப் புரட்டியபடி வந்தாள். "ஏங்க, உங்களுக்கு இது அஞ்சாவது ஆபரேஷன். போன தடவை ஊசி போடறதுக்கு முன்னாடியே குறட்டை விட்டவராச்சே நீங்க! இன்னிக்கு என்ன கூத்து?"

அந்த அம்மா திகைத்துப்போய்த் திரும்பினாள்.

டிரைவர் சங்கடமாகத் தலையைச் சொறிந்தார். "சார் முழிச்சதும் இதைச் சொல்லிடாதீங்கம்மா. அவருக்கு நாம தைரியம் சொன்னா ஏறாது. அவரைச் சொல்ல வச்சாத்தான் அவருக்கே வரும்!"