முதல் கையெழுத்து

நகராட்சி விசாரணை அறையில் மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது. தையல்காரரின் வலது சட்டைக்கை, கையில்லாமல், முழங்கையருகே மடித்து ஊக்கு குத்தப்பட்டிருக்கிறது. கடைவாசலில் நின்ற மரம், காற்றே அடிக்காத ஒரு பிற்பகலில் அவர்மேல் சாய்ந்து நான்கு மாதமாகிறது. "உள்ள முழுக்க உளுத்துப்போன மரம் சார். வெட்டாம விட்டது உங்க தப்பு. நஷ்டஈடு கேக்க இவருக்கு உரிமை இருக்கு," என்கிறார் வக்கீல். அதிகாரி கோப்பிலிருந்து ஒரு தாளை உருவி மேசைமேல் நகர்த்துகிறார். "ரெண்டு வருஷம் முன்னாலயே வெட்ட ஆள் அனுப்பினோம். நிழல் போயிடும்னு தெருவே மறிச்சு இந்த மனுவைக் குடுத்துது. முதல் கையெழுத்து யாருதுன்னு பாருங்க." வக்கீல் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொள்கிறார். ஜன்னல் வெயில் தாளின்மேல் விழுகிறது. நீல மையில், கடைசி எழுத்தை அழகாகச் சுழித்த கையெழுத்து. தையல்காரரின் மனைவி அவர் காதருகே குனிகிறாள். "இல்லைன்னு சொல்லிடுங்க. கையெழுத்துப் போட்டுக் காட்டுன்னு இனி யாரும் கேக்க முடியாது." அவர் இடது கையால் தாளைத் தன் பக்கம் இழுக்கிறார். அந்தச் சுழிப்பை விரலால் தடவுகிறார். "என் கைதான் சார் போட்டுது," என்கிறார்.