பதினைந்தாவது ஆள்

மூன்று மூலைகளும் அவளையே பார்த்தன.

அயோவாவின் இந்தச் சிற்றூருக்கு வந்து ஒன்பது வருடம். இத்தனை பேர் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்துச் சிரித்தது இதுதான் முதல் தடவை.

பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்து அரங்கம். கட்சியின் அதிபர் வேட்பாளராக யாரை நிறுத்துவது என்று ஊர்க்காரர்கள் கூடி முடிவுசெய்யும் நாள். வாக்குப்பெட்டி கிடையாது. பிடித்தவரின் பெயர் ஒட்டிய மூலையில் போய் நிற்க வேண்டும். தலையை எண்ணுவார்கள். வந்திருந்தவர்கள் நூறு பேர். பதினைந்து தலை தேறாத மூலை கணக்கில் வராது.

வேட்பாளர்களில் ஒருவரான செனட்டரின் மூலையில் பதினான்கு.

நடுக்கோட்டில் அவள்.

அவள் வேட்பாளரைத் தேடி வரவில்லை. கார் தேடி வந்திருந்தாள். நூறு பேர் என்றால் வெளியே பனியில் அறுபது காராவது நிற்கும்.

கணவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நாற்பது மைல் தள்ளி. அழைத்துப்போன மாவட்ட வேன் போன வியாழனோடு நின்றுவிட்டது. ஏன் என்று கேட்டால் தொலைபேசியில் பதிவுக் குரல் ஒன்று இனிமையாக நன்றி சொல்கிறது. அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஊரில் வாடகைக் கார் இல்லை. ஆம்புலன்ஸ் உண்டு, மூச்சு நிற்கப்போகும் நேரத்துக்கு வரும், அதற்கு முந்தின நாளுக்கு வராது.

சனிக்கிழமை முறை தவறிவிட்டது.

இன்று திங்கள். காலையில் அவருடைய வீங்கிய கணுக்காலை அழுத்திப் பார்த்தாள். விரல் பதிந்த குழி அப்படியே இருந்தது.

செவ்வாய் முறையும் தவறினால் என்ன ஆகும் என்று நர்ஸிடம் கேட்டாள். நர்ஸ் ஆம்புலன்ஸ் எண்ணை இரண்டு தடவை சொன்னாள்.

வேட்பாளர்களை அவள் எடைபோடாமல் இல்லை. மூவரின் துண்டறிக்கைகளையும் சமையலறை மேசையில் பரப்பி வைத்துப் படித்தாள். செனட்டர் எல்லோருக்கும் இலவச மருத்துவம் தருகிறார், ஆட்சியின் நான்காம் ஆண்டிலிருந்து. ஆளுநர் நிபுணர் குழு அமைக்கிறார். கோடீஸ்வரர் நோய் என்ற சொல்லையே தொடுவதில்லை, சவால் என்கிறார்.

மூவரில் ஒருவரும் நாளைக் காலைக்குள் பதவியேற்பதாக இல்லை.

செனட்டரின் அணித்தலைவி வந்து அவளுடைய இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டாள். உங்கள் ஒரு தலையில்தான் நாட்டின் எதிர்காலம் இருக்கிறது என்றாள்.

கைகளை அவள் விடுவித்துக்கொண்டாள். எல்லோருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில் சொன்னாள்.

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். யார் கார் எடுத்துட்டு வர்றீங்களோ, அவங்க மூலையில நிக்கிறேன்."



அணித்தலைவிக்குக் கண் கலங்கிவிட்டது. செனட்டர் இதைக் கேட்டே ஆக வேண்டும் என்றாள். இன்னொரு தடவை, சற்று மெதுவாக, இந்தக் கேமராவைப் பார்த்துச் சொல்ல முடியுமா? கார்தான் சிரமம். விடிந்ததும் எல்லோரும் அடுத்த மாநிலத்துக்குக் கிளம்புகிறார்கள்.

கோடீஸ்வரரின் ஆட்கள், இதற்கென்றே ஒரு செயலி வரப்போகிறது என்றார்கள்.

ஆளுநரின் மூலையிலிருந்து நல்லசிவம் ஓடிவந்தான். ஊரில் அவளையும் கணவரையும் விட்டால் அவன் ஒருவன்தான் தமிழ் ஆள். மனிதர்கள் எந்த வயதில் சாவார்கள் என்று காப்பீட்டு நிறுவனத்துக்குக் கணித்துச் சொல்லும் உத்தியோகம்.

"யக்கா, என்ன இப்படிச் சபையில கேட்டுட்டீய? என்கிட்டத் தனியாச் சொல்லியிருக்கலாம்லா?"

"வெள்ளிக்கிழமையே சொன்னேன் தம்பி."

"சொன்னீய, இல்லங்கல. விடியக்காலம் எனக்கு பிளைட்டுக்கா. கவர்னர் கூடவே போறேன். இல்லேன்னா வரமாட்டேனா? இப்ப நம்ம மூலைக்கு வாங்க. இதெல்லாம் வரலாறுக்கா."

கடைசி எண்ணிக்கைக்கு இரண்டு நிமிடம் என்றது ஒலிபெருக்கி.

மற்றவர்கள் அவரவர் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பனி கொட்டப்போகிறது என்று யாரோ யாரிடமோ சொன்னார்கள்.

"நான் வர்றேன்."

குரல் நான்காவது மூலையிலிருந்து வந்தது. அங்கே ஒரு கிழவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். அவருடைய வேட்பாளர் நேற்றே போட்டியிலிருந்து விலகிவிட்டார். சுவரில் ஒட்டிய பெயரைக் கிழிக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. கோடையில் அந்த மனுஷனுக்குக் கைகொடுத்து வாக்குச் சொன்னேன், அதனால் வந்தேன் என்றார் கிழவர். வண்டி இருக்கிறது. நாளைக்கு வேலை ஒன்றும் இல்லை. மறுநாளும் இல்லை.

அவள் போய் அவர் பக்கத்தில் நின்றாள்.

செனட்டரின் மூலை கலைந்தது. யாரோ விம்மினார்கள். நல்லசிவம் தலையில் கை வைத்துக்கொண்டான்.

நான்காவது மூலை, இரண்டு பேர், கணக்கில் இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். ஆனாலும் முறை முறைதானே. ஆளுக்கொரு சீட்டு கொடுத்தார்கள். யாருக்காக நின்றோமோ அந்தப் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட வேண்டும்.

கிழவர் சீட்டை மூக்குவரை கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். விளக்குப் பக்கம் திருப்பினார். மறுபடி மூக்குக்கே கொண்டுவந்தார்.

"இதுல என் ஆள் எங்க இருக்கான்?"

அவள் அவர் கண்களைப் பார்த்தாள். இரண்டிலும் பாலாடை படர்ந்த மாதிரி வெள்ளை.

சுற்றிலும் பார்த்தாள். எல்லோரும் கோட்டு மாட்டிக்கொண்டு வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அவருடைய விரலைப் பிடித்து மூன்றாவது வரியில் வைத்தாள்.

"அஞ்சரைக்கே வந்துடுங்க," என்றாள். "மெதுவாப் போகலாம்."