குண்டுமணியும் மூஞ்சூறும்

குளத்தின் அடிச் சேற்றில் ஒரு குண்டுமணி பல வருஷமாகக் கிடந்தது. ஒரு காலத்தில் அது களிமண் பிள்ளையாரின் இடது கண்.

சதுர்த்தி முடிந்த ஒரு வாரத்தில் அதன் பக்கத்தில் ரோஸ் பெயின்ட் அடித்த பிளாஸ்டர் மூஞ்சூறு ஒன்று பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

"இன்னுமா நீ கரையலை?" என்றது குண்டுமணி.

"கரையறதுன்னா?"

"எங்க பிள்ளையாரை வேதவல்லின்னு ஒரு பொண்ணு இந்தக் குளத்து மண்ணுல பிசைஞ்சா. நாக்கைக் கடிச்சுக்கிட்டே என்னைப் பதிச்சா, கொஞ்சம் கோணலா. மூணாம் நாள் அழுதுக்கிட்டே தண்ணியில விட்டு, 'போயிட்டு வா'ன்னா. அவர் மெல்ல மெல்லக் கரைஞ்சு சேறாயிட்டார். அடுத்த வருஷம் அவ வந்து அதே சேத்தை அள்ளிக்கிட்டுப் போனா. கண்ணு மட்டும்தான் புதுசு."

சின்ன மீன் ஒன்று வந்து ரோஸ் பெயின்ட்டைக் கொத்திப் பார்த்துவிட்டு விலகிப் போனது.

"என்னை லாரியில, பாட்டுப் போட்டுக் கூட்டிட்டு வந்தாங்க" என்றது மூஞ்சூறு. "அந்தச் சத்தத்துலயும் ஒரு குட்டிப் பொண்ணு 'போயிட்டு வா'ன்னு கத்தினா. எனக்குக் கேட்டுச்சு."

"அப்புறம் என்ன?"

"நான் இன்னும் போகவே இல்லையே."