ஆளில்லாத அறை

கடல் ஊரைக் கொண்டுபோன பிறகு, மேட்டில் அந்த மக்கள் தங்கள் வீடுகளைத் தாங்களே வளர்த்தார்கள். பாசியும் மண்ணும் கலந்த உயிருள்ள சுவர்கள் அவை. ஆள் புழங்கும் அறை அப்படியே நிற்கும். ஆளில்லாத அறை மெல்லச் சுருங்கி, வெளிப்புறம் மண்ணாய் உதிரும். அந்த மண்ணில் இன்னொரு வீட்டுக்கு அறை வளரும். இனி யாரிடமும் கையேந்த வேண்டாமென்று இந்த ஏற்பாட்டுக்கு முதலில் கைதூக்கியவள் கிளாரா.

அவள் மகன் ஜெனிஸ்டன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அவன் அறை சுருங்கத் தொடங்கியதும் தன் பாயை அங்கே கொண்டுபோய்ப் போட்டாள். சுவர்கள் நின்றன.

ஒருநாள் பக்கத்து வீட்டு சிசிலி தயங்கித் தயங்கி வந்தாள். "யக்கா, கேக்க மனசு வரல. மருமவளுக்கு நிறைமாசம். எங்க வீட்டுல படுக்க இடமில்ல."

கிளாரா எழுந்து மகனின் அறைக்குள் போனாள். பாயைச் சுருட்டினாள். "அறை உதிரட்டும், மண்ண எடுத்துக்க. அவன் இருந்தா எனக்கு முந்தி அவனே குடுத்திருப்பான்." அதன்பிறகு அவள் அந்த அறைப் பக்கமே போகவில்லை.

மண் அள்ளவந்த காலையில் சிசிலி வெளியே குவிந்திருந்த மண்ணைப் பார்த்தாள். முழு அறைக்கான மண் அதில் இல்லை. அவளும் கிளாராவும் அறைக் கதவைத் திறந்தார்கள். நெருங்கிவந்த சுவர்கள், ஓராள் கால்நீட்டிப் படுக்கும் அளவுக்கு மட்டும் இடம்விட்டு நின்றிருந்தன. அந்த நீளம் கிளாராவுக்குத் தெரியும்.

சிசிலி குரலைத் தாழ்த்தினாள். "உதிர்ந்ததே எங்களுக்குப் போதும்க்கா."

கிளாரா தலையசைத்தாள். தூங்குகிறவன் விழித்துவிடக் கூடாதே என்பதுபோல், சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள்.