இரண்டாவது பிளேட்

மாதம்மாள் மஞ்சள் பையை மேசைமேல் வைத்ததும் பரிசோதனைக்கூடம் முழுக்க மாம்பழ வாசனை பரவியது. பொம்மிடியிலிருந்து முதல் பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்திருக்கிறாள்.

"வூட்டு மரத்துப் பழங்க. நீங்க மட்டும் கண்டுபுடிக்கலன்னா காலோட போயிருக்காது, ஆளையே தூக்கிக் குடுத்திருப்பேன்."

டெக்னீஷியன் சகாயராணி கையுறையைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

மாதம்மாளின் கணவர் பச்சியப்பன் மாடி வார்டில் இருந்தார். நாளைக் காலை அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கப்போகிறார்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன் மாதம்மாள்தான் அவருக்குச் சிறுநீரகம் கொடுத்தாள். அதை உடம்பு ஏற்றுக்கொள்வதற்காக அவர் தினமும் விழுங்கிய மாத்திரைகள், எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அடக்கி வைத்திருந்தன.

வயலில் ஒரு முள் தைத்தது. மற்றவர்களுக்கு என்றால் இரண்டு நாளில் மறந்துபோகும். அவருக்கு, முள்ளோடு போன பூஞ்சை எலும்புவரை இறங்கிவிட்டது.

மட்கிய மரத்திலும் ஈரச் சுவரிலும் கிடக்கிற சாதாரணக் கறுப்புப் பூஞ்சைதான். அது மனிதருக்குள் வளரும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

சீழைத் தடவி, கிருமி வளர்கிறதா என்று பார்க்க வைத்த பிளேட்டைப் பார்த்த மாத்திரத்தில் சகாயராணி டாக்டர் அறைக்கு ஓடினாள். "இது காத்துல வந்து விழுந்ததில்ல டாக்டர், அவருக்குள்ள இருந்துதான் வந்திருக்கு."

டாக்டர் அசந்துபோனார். எதற்கும் குறை சொல்லும் மேற்பார்வையாளர் வெங்கடாசலம்கூட, "கண்ணா அது!" என்றார்.

மாதம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"ரெண்டு மாசம் முன்னயும் இங்கதாங்க சீழு குடுத்தோம். ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அப்பவே தெரிஞ்சிருந்தா கீறி எடுத்து மாத்திரையோட போயிருக்குமாம். அன்னிக்கு வேற யாரோ பாத்திருப்பாங்க போல. நீங்க இருந்திருந்தா…"

அன்று பிளேட்டின் ஓரத்தில் கடுகளவு ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது.

அந்த மாதம் ஏற்கெனவே சகாயராணியின் இரண்டு பிளேட்டுகள் காற்றுப் பூஞ்சை விழுந்து கெட்டிருந்தன. "பிளேட்டுலயா வளக்கற, ஊறுகா ஜாடியிலயா?" என்று வெங்கடாசலம் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். மூன்றாவதையும் கொண்டுபோய்க் காட்ட அவளுக்குக் கூசியது.

'வளர்ச்சி இல்லை' என்று எழுதினாள். பிளேட்டைக் கழிவுப் பையில் போட்டு முடிச்சிட்டாள்.

அதனால்தான் இந்த முறை பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. அவள் ஓடிய ஓட்டத்தை எல்லோரும் ஆர்வம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மாதம்மாள் பையை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினாள்.

சகாயராணி வாயைத் திறந்தாள்.

"நாளைக்கு எத்தன மணிக்குங்க ஆபரேஷன்?" என்று மட்டும் கேட்டாள்.

பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் பையை வாங்கிக்கொண்டாள்.