பாதிப் பாலைவனம்

“கூட யாரும்மா?” என்றார் கண்டக்டர்.

“யாருமில்ல. தனியாத்தான் போறேன்,” என்று ஒற்றை டிக்கெட்டை நீட்டினாள் அவள். சொல்லும்போதே வாய் இனித்தது.

தொலைபேசி விசாரணைப் பிரிவில் உட்கார்ந்து, ஊரார் கேள்விக்கெல்லாம் நாள் முழுக்கப் பதில் சொல்கிறவள். இந்தப் பாலைவனச் சாலையிலோ போனில் சிக்னல்கூட இல்லை. செருப்பைக் கழற்றி எறிந்தாள். காலைத் தூக்கி முன்கம்பியில் போட்டுக்கொண்டாள்.

ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய மட்டும் மணல். அனல் காற்று முடியைக் கலைத்துப் போட்டது. கலையட்டும், யார் கேட்பது?

இரண்டு வரிசை முன்னால் ஒரு குழந்தை வீறிட்டது.

கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவன் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தான். ஆறு வயதுப் பெண் ஒன்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, “அப்பா, அவசரம்!” என்றது. அவன் திரும்பிய வேகத்தில் பால் புட்டி நழுவி, டிரைவர் காலடி வரை உருண்டு போயிற்று.

பக்கத்து வரிசைப் பருத்த அம்மாள் உச்சுக் கொட்டினாள். “பாவம், ஒத்தை ஆளா ரெண்டையும் கட்டி மேய்க்கிறாரு. பெத்தவ எங்க போய்த் தொலைஞ்சாளோ!”

“எங்கயாவது ஜாலியா ஊர் சுத்திக்கிட்டிருப்பா,” என்றாள் இவள், வேர்க்கடலையை வாயில் போட்டபடி.

“நீ சும்மாதானே உக்காந்திருக்க? ஒரு பத்து நிமிஷம் அந்தப் புள்ளைய வாங்கி வச்சுக்கயேன்.”

“ஐயோ, எனக்குக் குழந்தைங்கன்னாலே அலர்ஜிங்க.”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. “பொம்பளையா இவ?” என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். அவள் இன்னொரு கடலையை உடைத்தாள்.

கைக்குழந்தை மட்டும் அப்பன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, அவளை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டியது. அவள் சட்டென்று வாரப் பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டாள். கொஞ்சம் இளகினாலும் போச்சு, இந்த ஜன்னல் பறிபோய்விடும்.

சற்று நேரத்தில் அவனே தள்ளாடிக்கொண்டு வந்து நின்றான். சட்டையெல்லாம் பால். “மேடம், பெரியவளைக் கொஞ்சம் பார்த்துக்கிட்டீங்கன்னா, சின்னவனுக்குத் துணி மாத்திடுவேன்.”

“முன்னபின்ன தெரியாதவங்களோட பேச்சு வச்சுக்கிறதில்ல சார்,” என்று பத்திரிகைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போனான். கூட நடந்த பெரியவள் ஏனோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பருத்த அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “இதெல்லாம் ஒரு ஜென்மம்!” என்று பஸ்ஸுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, குழந்தையை வாங்கித் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள். இவளோ ஜன்னலில் தலை சாய்த்து, வராத பாட்டொன்றை முனகிக்கொண்டே வந்தாள். கைக்கடிகாரத்தை மட்டும் அடிக்கடி பார்த்தாள்.

வெட்டவெளியில் ஒரு தகரக் கொட்டகை. அதன் முன்னால் பஸ் குலுங்கி நின்றது.

“பாதி தூரம் வந்தாச்சு! இருபது நிமிஷம் நிக்கும்!” என்று கண்டக்டர் கத்தினார்.

அவன் எழுந்தான். பருத்த அம்மாளிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, நேராக இவள் ஸீட்டுக்கு வந்தான். முகத்தில் அப்படியொரு வெறி. நல்லா நாலு கேட்கப் போகிறான் என்று பஸ்ஸே மூச்சைப் பிடித்துக்கொண்டது. பருத்த அம்மாள் சந்தோஷமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

அவன் குழந்தையை இவள் மடியில் தொப்பென்று வைத்தான்.

“எந்திரிடி! உன் பாதி முடிஞ்சுபோச்சு. மிச்சப் பாலைவனம் எனக்கு, புள்ளைங்க உனக்கு!”