செம்மண்ணுக்குக் கீழே

மாப்பிள்ளை வீடு பார்க்கக் கிளம்பிய அப்பாவோடு, அடம்பிடித்துக் கூடவே ஜேடர்பாளையம் வந்தாள் தனப்பிரியா. வந்ததும் வயக்காட்டுக்குப் போய்க் கடப்பாரை கேட்டாள்.

மாப்பிள்ளையின் அப்பா வெள்ளியங்கிரிக்கு வியர்த்தது. தண்ணீர் தேங்கும் காடு என்றால் பெண் தரமாட்டார்கள் என்று, போன வாரம்தான் லாரி லாரியாகச் செம்மண் கொட்டி மூடியிருந்தார்.

“இங்க ஒரு சொட்டுத் தண்ணி நிக்காது. உனக்கு எதுக்கு சாமி இந்த வேலை?”

“மண்ணைப் பத்திப் படிச்சவளுங்க மாமா. கை சும்மா இருக்காது.”

முழ ஆழத்தில் செம்மண் முடிந்து, துருப்பிடித்த கோடுகளோடு சாம்பல் நிறக் களிமண் வந்தது. குப்பென்று கூமுட்டை நாற்றம்.

அப்பா மூக்கைப் பொத்தினார். “என்ன சாமி இது?”

“மாசக்கணக்குல தண்ணி நிக்கற மண்ணுங்கப்பா. மேல இருக்கறது இப்பக் கொட்டினது.”

வெள்ளியங்கிரி தலைகுனிந்தார். “என் வேலைதானுங்க. வாயைத் தொறக்காதடான்னு எம்பையன் கதிர்வேலையும் அடக்கிப்போட்டேன்.”

தனப்பிரியா சிரித்துவிட்டாள். “எங்க காட்டுல அல்லி பூக்கும், நாரை வரும்னு அவரு போன்ல சொன்னாருங்க. வந்து பார்த்தாக் கட்டாந்தரை! பொய் சொல்றவருக்கா கழுத்தை நீட்டறதுன்னுதான் தோண்டிப் பார்த்தேன். அப்பா, நீங்க தேதி பாருங்க. மாமா, அதுக்குள்ள நீங்க இந்தச் செம்மண்ணை அள்ளிருங்க!”